கழுகு மரத்துக்குக் கேட்ட இரண்டு கிழமை

போர் நடந்த அந்த ஆண்டுகளில் நான் பேராதனையில் விலங்கியல் செய்முறை வகுப்புகளை நடத்திக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் கண்டியிலிருந்து ஹேவாஹெட்ட பஸ்ஸில் ஏறுவேன். புகைப்படக் கருவி துவாயில் சுற்றப்பட்டுப் பையின் அடியில் இருக்கும். சோதனைச் சாவடியில் இரண்டு அட்டைகளை நீட்டுவேன். தேசிய அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கும். அதைப் படித்த சிப்பாயின் முகம் மாறும். பல்கலைக்கழக அட்டையைப் பார்த்ததும் பையைத் திருப்பித் தந்துவிடுவான். அந்த இரண்டாவது அட்டை எனக்கு எவ்வளவு பெரிய காவல் என்பதை நான் அப்போது சிந்திக்கவில்லை.

நான் தேடிப் போனது ஒரு மலைக்கழுகின் கூடு. தலையில் கொண்டை நிமிர்த்தும் அந்த இனம் எங்கள் மலைகளில் அருகிவந்தது. ஓர் ஈட்டில் ஒரே முட்டைதான் இடும். தேயிலைத் தோட்ட நிர்வாகம் பழைய மரங்களை விறகுக்கு விற்றுக்கொண்டிருந்தது. ஒரு மேட்டில் நின்ற சில பெருமரங்கள் மட்டும் தப்பியிருந்தன. அவற்றின் அடியில் தாங்கள் கும்பிடும் முனிசாமிக் கல் இருந்ததால் தொழிலாளர்கள் கோடரி தொட மறுத்திருந்தார்கள். அவற்றுள் உயரமானதில் கூடு இருந்தது, அதில் ஒரு குஞ்சும் இருந்தது. தாய் இரை ஊட்டும் படங்களையும் ஒழுங்கான அவதானிப்புக் குறிப்பையும் வனவிலங்கு அதிகாரிகளுக்கு அனுப்பினால் அந்த மேட்டையாவது காப்பாற்றிவிடலாம் என்று நம்பினேன்.

கூட்டை எனக்குக் காட்டியவர் தேயிலைக்கு இடையில் நிற்கும் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிப்பவர். நாற்பது வயதிருக்கும். பக்கத்து மரத்தில் பலகை கட்டி, சாக்கால் மறைத்து, நான் அமர இடம் செய்து தந்தவரும் அவரே. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக் கோழிகளைக் கழுகு தூக்கிப் போவதால், அதற்குத் துணைபோகும் அவரை அயலவர்கள் திட்டினார்கள். அவர் என்னைக் கேலி செய்தார்.

"கோழி திருடனுக்கு இத்தன படம் புடிக்கிறீங்க. எனக்கு ஐடென்டி கார்டுக்கு ஒரே ஒரு படம் புடிச்சுத் தந்தா என்னா சேர்? நெஞ்சு வரைக்கும் போதுமாம்."

படச்சுருளில் மிச்சமிருந்த சட்டகங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "அடுத்தமுறை எடுக்கிறன் அண்ணை" என்றேன். அதற்கு அடுத்த முறையும் அதையே சொன்னேன்.

பரீட்சைக் காலம் வந்தது. மூன்று கிழமைகள், மூன்று சனியும், என்னால் போக முடியாது. குறிப்பு இடையில் அறுந்துவிடக் கூடாது என்பதற்காக என் தொலைநோக்கியை அவரிடம் கொடுத்து, கழுகுகள் வந்துபோகும் நேரத்தைக் கொப்பியில் எழுதிவைக்கச் சொன்னேன். அடையாள அட்டை இல்லாத ஒரு தமிழரை, தெரு வளைவைப் பார்த்த மரமொன்றில், கையில் தொலைநோக்கியோடு ஏற்றி வைத்தேன். விளைவுகளை எண்ணிப் பார்ப்பதையே படிப்பின் பயன் என்று மாணவர்களுக்குச் சொல்லி வந்தவன் நான்.

கண்ணாடியின் பளபளப்பை ரோந்து வந்த இராணுவத்தினர் கண்டார்கள். இரண்டு நாட்களின் பின் அவருடைய மனைவி, கொழுந்து பறித்த கையோடு பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து எங்கள் ஆய்வுகூட வாசலுக்கு வந்து நின்றார்.

"அவர ஆமிக்காரங்க புடிச்சிட்டுப் போய்ட்டாங்க. சாமான் உங்களுதுன்னு நீங்க வந்து சொன்னா விடுவாங்களாம்."

நான் உடனே புறப்படவில்லை. அதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். வடக்கில் பிறந்தவன், மலைகளைப் படம் எடுத்தவன் என்று என்னையும் உள்ளே வைத்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு முழுப் பகலும் கணக்குப் பார்த்தேன். மறுநாள்தான் எங்கள் பேராசிரியரிடம் சொன்னேன். சிங்களவரான அவர், கடிதம் மட்டும் போதாது என்று தாமே என்னுடன் முகாமுக்கு வந்தார்.

அதிகாரி நான் கொண்டுபோன கழுகுப் படங்களை ஒவ்வொன்றாக, உண்மையான ஆர்வத்தோடு பார்த்தார். குஞ்சின் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் நோக்கினார். பிறகு இடத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். என் பலகைக்குச் சிப்பாய் ஒருவன் ஏறி, அங்கிருந்து தெரு முழுவதும் தெரிகிறது என்றான். முகாமுக்குத் திரும்பியதும் அதிகாரி முடிவைச் சொன்னார்: ஆளை விடலாம்; மேட்டு மரங்கள் எல்லாம் விழ வேண்டும்; மரம் ஏறத் தெரிந்த அவரே நாளைக் காலையில் வெட்டட்டும்.

அவரை அப்போதுதான் அறைக்குள் கொண்டுவந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் அதிகாரியிடம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு கிழமை ஆகும், அதுவரை பொறுக்க முடியுமா என்று சிங்களத்தில் கேட்டேன்.

அதிகாரி கோபப்படவில்லை. அப்படியானால் இவரையும் இரண்டு கிழமை வைத்திருக்கவா என்று அமைதியாகக் கேட்டார்.

வேண்டாம் என்றேன். ஆனால் அந்தச் சொல் வர ஒரு கணம் பிந்தியது. மரம் கழிப்பவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அதன்பின் அவர் என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் நானும் மேட்டுக்குப் போயிருந்தேன். அவர் முனிசாமிக் கல்லின் முன் சூடம் கொளுத்தி, கோடரியைக் கல்லின் மேல் வைத்து, "என் விருப்பத்துல வெட்டல சாமி, பொண்டாட்டி புள்ளைகள ஒண்ணும் செஞ்சிறாத" என்று உரக்கச் சொன்னார். சூடம் அணையும்வரை சிப்பாய்கள் காத்திருந்தார்கள். குஞ்சை இறக்கிவிடலாம் என்று அவர் ஏறிப் பார்த்தார். தாய் முகத்துக்கு நேரே பாய்ந்தது, ஒற்றைக் கண்ணோடு அவரால் அதற்குமேல் ஏற இயலவில்லை. நண்பகலுக்குள் மரம் சாய்ந்தது. சுள்ளிகளுக்கு நடுவே குஞ்சு கிடந்தது. இறக்கைகளில் இறகு முற்ற இன்னும் கொஞ்சமே இருந்தது. கழுத்து முறிந்திருந்தது.

புகைப்படக் கருவி என் தோளிலேயே தொங்கியது. சிப்பாய்கள் போன பின், பாதையிறக்கத்தில் அவரிடம் ஏதோ சொல்ல முயன்றேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

"இனிமே இங்க வராதீங்க சேர். நீங்க வந்துட்டுப் போனா லயத்துல ஒவ்வொருத்தரையும் கேப்பாங்க. நீங்க போயிருவீங்க."

நான் வரமாட்டேன் என்றேன். அவர் லயத்துக்குப் போனார், நான் பஸ்ஸுக்கு நடந்தேன். தெரு வளைவில் நின்றபோது கழுகு ஒன்று மேட்டுக்கு மேலே வட்டமிடுவதைக் கண்டேன். நகங்களில் ஒரு மலையணில் தொங்கியது. மரம் நின்ற உயரத்துக்குத் தாழ்ந்து வரும், அங்கே ஒன்றுமில்லாததால் மறுபடியும் எழும். பஸ் வரும்வரை அது இரையைக் கீழே விடவில்லை.