நான் மூடிய ஜன்னல்

அந்தக் குளவியைக் கொன்றவள் நான். பழியைச் சுமந்தவர் என் கணவர். இந்த இரண்டையும் சேர்த்து இதுவரை ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

ஒரு குளவிக்கா இவ்வளவு பீடிகை என்று நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். எங்கள் வீட்டில் அது வெறும் பூச்சியாக இருக்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. கேளம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் நான், அவர், அவருடைய அம்மா என மூன்று பேர் இருந்தோம். அவருக்குச் சிறுசேரியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் மின் பராமரிப்பு வேலை. நான் பள்ளி ஆசிரியை. அத்தை திருக்கழுக்குன்றத்தில் கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுத்த குடும்பத்தில் பிறந்தவர்.

திருமணமாகி ஒன்பது வருடங்கள் ஆகியும் எங்களுக்குக் குழந்தையில்லை. செங்கல்பட்டில் பார்த்த மருத்துவர், இருவருக்கும் ஒரு குறையுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். அத்தை அந்தக் காகிதத்தை நம்பவில்லை. அதற்காக என்னைத் திட்டியதும் இல்லை. யார் வீட்டுச் சீமந்தத்துக்கும் என்னை அழைத்துப் போகமாட்டார், அவ்வளவுதான். "நீ வூட்டப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பிவிடுவார். திட்டியிருந்தாலாவது நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன்...

அந்தச் சித்திரையில்தான் எங்கள் படுக்கையறைச் சுவரில், பீரோவுக்கு மேலே, ஒரு குளவி மண்ணெடுத்து வந்து கூடு கட்ட ஆரம்பித்தது. வீட்டில் குளவி கூடு கட்டினால் அங்கே ஒருத்தி உண்டாவாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அத்தை கூட்டுக்குக் கீழே சுவரில் குங்குமம் வைத்தார். துடைப்பம் அந்தப் பக்கம் போகக்கூடாது, மின்விசிறி வேகமாகச் சுற்றக்கூடாது, ஜன்னலை மூடவே கூடாது என்று உத்தரவு போட்டார்.

"அது பாட்டுக்கு வந்துகினு போயிகினு இருக்குது. யாரும் வழிய மறிக்காதீங்க."

பக்கத்து வீட்டுப் பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் கூட்டைக் காட்டினார். என்னையும் பக்கத்தில் நிறுத்திச் சேர்த்துக் காட்டினார். அப்போது எனக்கு நாளும் தள்ளிப் போயிருந்தது. தண்ணீர்க் குடத்தை என் கையிலிருந்து வாங்கி அவரே தூக்கினார்.

நான் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். குளவி ஏன் கூடு கட்டுகிறது, அதற்குள் புழுவைக் கொண்டுபோய் எதற்காக அடைக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவள். நானும் நம்பினேன். பத்து நாட்கள், பதினோரு நாட்கள்... முழுமனதாக நம்பினேன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்போது மகாபலிபுரம் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வீடெல்லாம் புழுதி. வேலைக்குக் கிளம்பும்போது ஜன்னல் கண்ணாடியையும் கொசுவலைக் கதவையும் இழுத்துச் சாத்திவிட்டுப் போவது என் கணவரின் பழக்கம். அம்மாவின் உத்தரவுக்குப் பிறகும் அவருடைய கை கேட்கவில்லை. அவர் படியிறங்கியதும் நான் போய்த் திறந்துவைப்பேன். அவர் தினமும் மூடியதும் நான் தினமும் திறந்ததும் அத்தைக்குத் தெரியாது.

பன்னிரண்டாம் நாள் மதியம் குளியலறையில் எல்லாம் முடிந்துபோனது.

அத்தை பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தார். பள்ளிக்கு விடுமுறை. நான் படுக்கையறைக்கு வந்தபோது அந்தக் குளவி வாயில் மண்ணுருண்டையோடு ஜன்னல் சட்டத்தில் வந்து உட்கார்ந்தது. அதன் கூடு நிறைந்துவிட்டது. என் வயிறு...

வலைக்கதவை இழுத்தேன். பிறகு கண்ணாடியையும் இழுத்தேன். குளவி இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

அது மேற்குப் பார்த்த ஜன்னல். சித்திரை வெயில் நேராக விழும் இடம். குளவி கண்ணாடியில் முட்டிற்று, வலையில் முட்டிற்று, கீழே விழுந்து எழுந்து மறுபடியும் முட்டிற்று. ஒரு விரலால் தள்ளினால் கண்ணாடி நகர்ந்திருக்கும். நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆத்திரமா அது? பொறாமை என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஆம், ஒரு பூச்சியின் மீது பொறாமை! சத்தம் நின்ற பிறகுதான் எழுந்து போய் அரிசி களைந்தேன்.

மாலையில் அவரும் அத்தையும் வாசலிலேயே சந்தித்து ஒன்றாக உள்ளே வந்தார்கள். குளவியை முதலில் பார்த்தவர் அத்தைதான்.

"ஐயோ... ஜன்னல எவன்டா மூடினது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அவர் சொன்னார்: "நான்தாம்மா. காலைல கிளம்புற அவசரத்துல மூடிட்டேன் போலகீது."

என்னைக் காப்பாற்ற அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். நான் திறந்துவைத்த வாயை மூடிக்கொண்டேன்.

இரவு சாப்பாட்டுக்கு முன்னால், நாள் வந்துவிட்டது என்று அத்தையிடம் சொன்னேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக!

"என் புள்ளையே உன் வயித்துல மண்ணப் போட்டுட்டானேம்மா."

அன்றோடு நான் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கினேன், என் கணவர் ஏறிக்கொண்டார். அடுத்த மாதமே சதுரங்கப்பட்டினத்தில் ஒரு சீமந்தத்துக்கு அத்தை என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். கூட்டத்தில் ஒருத்தி முகத்தைச் சுளித்தபோது, "என் மருமவளுக்கு இன்னாடி கொற?" என்று சண்டைக்கே போய்விட்டார். வெள்ளிக்கிழமைதோறும் என் தலையில் எண்ணெய் வைத்துவிட்டார். எனக்கு நினைவு தெரியும் முன்பே என் அம்மா இறந்துவிட்டாள். தாய் என்றால் என்னவென்று முப்பத்திரண்டு வயதில் தெரிந்துகொண்டேன். அதற்கு நான் எவ்வளவு நன்றியோடு இருந்திருக்கிறேன் தெரியுமா? இன்றும் நினைத்தால் நெஞ்சு நிறைந்துவிடுகிறது. நிறைந்த மறுகணமே, இது எப்படி எனக்குக் கிடைத்தது என்பதும் நினைவுக்கு வந்துவிடுகிறது.

என் கணவர் அதன்பிறகு எந்த ஜன்னலையும் மூடவில்லை. புழுதியை மூக்கைப் பிடித்துக்கொண்டு தானே துடைத்தார். ஒருநாள் மாமல்லபுரம் கடற்கரையில் பக்கத்தில் குழந்தைகள் மணலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். "அன்னைக்கு நான் மட்டும் மூடாம இருந்திருந்தா, கலா..." என்றார். மின்சாரத்தின் நாடி பிடிக்கத் தெரிந்த மனிதர், இதையும் நம்பினார்! "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றேன். பெருந்தன்மையாக வேறு சொன்னேன். உண்மையைச் சொன்னால் அவர் என்னை மன்னித்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அத்தையை இழந்துவிடுவேன் என்பதும் தெரியும். எனக்கு அத்தை வேண்டும்.

மூன்று வருடங்கள் கழித்து அத்தை படுத்த படுக்கையானார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஒரு காலையில் எங்கள் இருவரையும் அருகே கூப்பிட்டார்.

"கலா, அவன் தெரியாம பண்ணிட்டான். உள்ளுக்குள்ளயே வெந்துகினு கீறான். நான் கண்ண மூடறதுக்குள்ள, மன்னிச்சுட்டேன்னு அவன் காதுல விழற மாதிரி ஒரு வார்த்த சொல்லிடும்மா."

உண்மையைச் சொல்லிவிட என்னிடம் இருந்த கடைசி நேரம் அதுதான். அவர் கையில் வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். அத்தையின் விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தன.

"மன்னிச்சுட்டேன் அத்தை" என்றேன்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டார். அவர் ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் என் கையைப் பற்றிக்கொண்டு எனக்கு நன்றி சொன்னார்.