ஸுபைதா ராத்தாவின் ஆறு

மா அரிக்கும் அரிதட்டில் ஆற்று மணலை அரித்துக்கொண்டிருக்கிறார் ஸுபைதா ராத்தா. "பழைய அரிதட்டு தங்கச்சி, பயப்படாதீங்க. கேக்குக்கு வேற இருக்கு" என்று நான் வாய் திறக்கும் முன்பே பதில் வருகிறது. வந்தவர்கள் எல்லாரும் இதையே கேட்டிருப்பார்கள் போலும்.

மாத்தளை ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு. இருபது வருடமாக ஊரின் பிறந்தநாள்களுக்கும் கல்யாணங்களுக்கும் கேக் செய்பவர். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்கு ரயில் கேக் கேட்டார்கள். மூன்று நாள் இருந்து பெட்டி பெட்டியாகச் செய்து கொடுத்தார். பத்தே நிமிடத்தில் வெட்டித் தின்றுவிட்டார்கள். "நான் செய்யுறது எல்லாம் பொழுது சாயுறதுக்குள்ள வயித்துக்குள்ள போயிடுது. ஒண்ணாவது நிக்கட்டுமேன்னு நெனச்சேன்" என்கிறார். அன்று பிடித்த பைத்தியம் இன்று முன்னறையில் ஆறடிப் பலகையில் மாதிரி ரயில் பாதையாகக் கிடக்கிறது. உக்குவெலைப் பக்கத்து மலைச்சரிவு, மிளகுக் கொடிகள், ஓர் இரும்புப் பாலம், அதன்மேல் தீப்பெட்டி அளவுப் பெட்டிகளோடு ஓடும் ரயில். பாலத்துக்குக் கீழேதான் வில்லங்கம்.

போன வருடம் கண்டியில் ஒரு மண்டபத்தில் மாதிரி ரயில் கண்காட்சி. தண்ணீருக்கு என்ன செய்வது என்று யோசித்த ராத்தா, தமக்குத் தெரிந்த வழியில் போனார். நோன்பு துறக்க அவர் காய்ச்சும் கடற்பாசி ஜெலி கண்ணாடியாகத் தெளிந்திருக்கும். அதையே சீனி குறைத்துக் காய்ச்சிப் பாலத்துக்குக் கீழே ஊற்றிவிட்டார். காலையில் பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள். பதினொரு மணிக்கு ஆறு கரையை விட்டுச் சுருங்கத் தொடங்கியது. மதியம் பாலத்துக்கு மேலே ரயிலும் கீழே எறும்பும் வரிசையாகப் போயின. "இது பார்க்கிறதுக்கா, சாப்பிடுறதுக்கா?" என்று யாரோ சத்தமாகக் கேட்க, மண்டபமே சிரித்தது. அவர் கணவர் ஹாஷிம்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அவர்களோடு போயிருந்த நானும் சிரித்தேன், மறைப்பானேன். திரும்பும் வழியெல்லாம் ஹாஷிமின் லொறியில் ராத்தா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

இந்தச் சனிக்கிழமை மறுபடி அதே மண்டபம். இம்முறை தண்ணீர் தண்ணீராகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று ராத்தா சொல்லிவிட்டார்.

ஜன்னலில் ஒரு ஜாம் போத்தலில் ஊர் ஆறான சுது கங்கையின் தண்ணீர் நிற்கிறது. மழைக்கு மறுநாள் அள்ளியது, சாயம் குறைந்த பிளேன்டீயின் நிறம். "வீடியோவுல எல்லாம் நீலமா ஊத்துறாங்க. நம்ம ஆறு எந்தக் காலத்துல நீலமா ஓடிச்சு?" படுகையின் நடுவைக் கறுப்பாகவும் கரையோரத்தை மண்ணிறமாகவும் தீட்டினால்தான் ஆழம் தெரியுமாம். கண்ணாடிபோல் இறுகும் ரெசின் பசையையும் அதை இறுகவைக்கும் திரவத்தையும் கேக் தராசில் கிராம் பிசகாமல் நிறுக்கிறார். வேகமாகக் கலக்கினால் குமிழி வரும் என்று கை மெதுவாகச் சுழல்கிறது. ஒரு சொட்டுப் பழுப்பு நிறம். மெல்லிய படையாக ஊற்றி, அது இறுகிய பிறகே அடுத்த படை. அப்படியும் எழும் குமிழிகளை, புடிங்கின்மேல் சீனி கருக்கும் சின்ன கேஸ் டோர்ச்சை ஒரு வீச்சு வீசி உடைக்கிறார். இருபது வருட ஐசிங் கை சும்மா போகுமா?

ரெசின் இறுகும்வரை முன்னறையில் மின்விசிறி போடக் கூடாது, தூசு விழும். தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி இறக்கிவிட்டு வியர்வையோடு வந்த ஹாஷிம் சுவிட்சில் கை வைத்தார்.

"தொட்டீங்கன்னா பாருங்க!"

"மனுசன் வேகுறேன் புள்ள. ஒரு முழத்து ஆத்துக்கு இவ்வளவு பாடா?"

முணுமுணுத்துக்கொண்டே கதிரையை வாசலுக்குத் தூக்கிப் போனார்.

சனிக்கிழமை காலை, தூசு படாமல் ஆற்றின்மேல் கவிழ்த்திருந்த கேக் பெட்டியை ராத்தா எடுத்தார். நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம். பாலத்தின் நிழல் தண்ணீரில் கிடந்தது. அதற்கும் அடியில் அவர் அரித்த மணல் தெரிந்தது. ராத்தா நகத்தால் தட்டினார், டொக்கென்றது. "இந்த வருசம் எறும்புக்கு வேலையில்ல" என்றார். போன வருடச் சிரிப்புக்கு மன்னிப்புக் கேட்டேன். "அட போங்க தங்கச்சி, இப்ப நெனச்சா எனக்கே சிரிப்பு வருது." ஹாஷிம் தாமும் ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

பலகையின் ஒரு முனையை ராத்தா பிடித்து முன்னால் இறங்க, மறுமுனையை ஹாஷிம் பிடித்தார். வாசல் படியில் ராத்தாவின் பக்கம் சட்டென்று தாழ்ந்தது.

"மெல்ல புள்ள, தண்ணி சிந்தும்!"

சொன்னதோடு நிற்காமல் ஹாஷிம் முழங்காலை மடித்துத் தம் பக்கத்தையும் தாழ்த்தினார். பலகை மட்டமாகும்வரை அப்படியே நின்றார். பிறகு ஆற்றைவிட்டுக் கண் எடுக்காமல், அடிமேல் அடி வைத்து, லொறியை நோக்கி நடந்தார்.