மூன்று பிரதிகளும் ஒரு பித்தளை மணியும்

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் எழுதிய ரூல் ஒன்று நாற்பது குழந்தைகளிடம் தோற்றுப்போனது. தோற்பதில் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், சர்வீஸில் இருந்தபோதே நாலு தடவை தோற்றிருப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கன்டோன்மெண்ட் பகுதியின் பொதுநலச் சங்கம் வருஷா வருஷம் சமூக சேவைக்காக ஒருவருக்கு வெள்ளிப் பதக்கம் தருகிறது. பதக்கத்தைவிடப் பெரிய சமாசாரம் ஒன்று உண்டு. அதைப் பெறுகிறவர், மேடையிலேயே நகரசபைக் கமிஷனரிடம் ஊருக்காக ஒரு கோரிக்கை வைக்கலாம். இதுவரை எந்தக் கமிஷனரும் மறுத்ததில்லை. ஹால் நிறைய ஜனம் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி மறுப்பது?

அதற்கு விண்ணப்ப ஃபாரம் தயாரித்து, பூர்த்தியானதை வாங்கிவைக்கிற மகானுபாவன் அடியேன்தான். மைசூர் சர்க்காரில் முப்பது வருஷம் ஃபைல் பார்த்தவன் வேறு எப்படித் தயாரிப்பேன்? ‘செய்த சேவைக்கு அத்தாட்சி, கெஜட்டட் ஆபீசர் கையெழுத்துடன், மூன்று பிரதிகள்.’ கம்பளி தானம் செய்த ஒரு பிரமுகர் ஃபோட்டோ ஆல்பமே அனுப்பிவிட்டார். ஒரு கம்பளிக்கு ஒரு ஃபோட்டோ… எனக்கு ரொம்பத் திருப்தி.

அப்போதுதான் முனியம்மா என் வீட்டுக்கு வந்தார். அல்சூரில் இட்லிக் கடை வைத்திருப்பவர். அவர் நீட்டிய ஃபாரத்தில் ‘கன்னியப்பன், ஜட்கா ஓட்டுகிறவர்’ என்பதைத் தவிர மற்ற இடமெல்லாம் காலி.

“என்ன சேவை செஞ்சிருக்கார்?”

“வலி எடுத்த பொம்பளைங்கள ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவாரு சாமி. பத்து வருசமா. வாடகை வாங்கமாட்டாரு.”

“அத்தாட்சி?”

“இன்னா சாமி… வலியில துடிக்கிறவ காய்தம் எழுதினா வண்டி ஏறுவா?”

நான் அசையவில்லை. ரூல் என்றால் ரூல். முனியம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

“ஜட்கா ஸ்டாண்ட ரயிலடிப் பக்கம் மாத்தறாங்களாம் சாமி. அவரு அங்க போய்ட்டா, எங்க தெருவுல வலி வந்தவ யாரைத் தேடி ஓடுவா? என் மருமவளுக்கு இது ஒம்பதாம் மாசம். மெடலு கெடச்சா மேடையில கேக்கலாமேன்னுதான் வந்தேன்.”

மனசு கொஞ்சம் இளகியது. ஆனால் கை, ஃபாரத்தைத் திருப்பித்தான் கொடுத்தது. பழக்க தோஷம்.

அந்த நேரம் பார்த்து என் ஒரு வயதுப் பேரன் தவழ்ந்து வந்தான், அரைஞாணில் பித்தளை மணி கிணுகிணுக்க. முனியம்மா குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார்.

“இது ராணி கழுத்து மணியாச்சே?”

ராணி என்பது கன்னியப்பனின் குதிரை. தன் வண்டியில் போனவளுக்குப் பிள்ளை பிறந்தால், தாயும் சேயும் வீடு திரும்பும் அன்று குதிரையின் கழுத்து வாரிலிருந்து ஒரு மணியைக் கழற்றிக் குழந்தைக்குக் கொடுப்பது அவர் வழக்கமாம்.

மருமகளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“ஆமாம் மாமா. நீங்க மைசூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தீங்க. கொட்டற மழை, டாக்ஸி கிடைக்கலை. ஜட்காவிலதான் போனோம்னு அன்னிக்கே சொன்னேனே?”

சொன்னாள்தான். யாருடைய ஜட்கா என்று நான்தான் கேட்கவில்லை. அந்த மணியை ஆட்டி ஆட்டித்தான் ஒரு வருஷமாகப் பேரனைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. சொல்வதற்கென்ன, கண்ணும் கலங்கிவிட்டது. பேனாவை எடுத்து, அத்தாட்சிக்கான கட்டத்தில் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று பிரதிகளிலும்.

தேர்வுக் கமிட்டித் தலைவர் ராவ் என் பழைய ஆபீஸ் சிநேகிதர். சனிக்கிழமை கூட்டத்தில் ஃபாரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“நீர் ரிடையராகி நாலு வருஷம் ஆச்சு ஸ்வாமி. உம்ம கையெழுத்து செல்லாது. நீரே எழுதின ரூல்.”

சொல்லிவிட்டு ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை. முடிவை மறுநாள் காலை பத்து மணிக்குத் தள்ளிவைக்க மட்டும் சம்மதித்தார். நான் நேரே இட்லிக் கடைக்குப் போனேன்.

“காய்தம் வேண்டாம்மா. மணியெல்லாத்தையும் கூட்டிண்டு வாங்கோ.”

மறுநாள் பத்து அடிப்பதற்குள் சங்கத்து மாடிப்படியில் சத்தம் கேட்டது… கிண் கிண், கிண் கிண். இடுப்பில் குழந்தைகளோடு தாய்மார்கள். கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற குழந்தைகள். புர்கா போட்ட ஓர் அம்மா, மணியைப் பிள்ளையின் தொப்பியில் தைத்திருந்தார். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி அதைப் பள்ளிக்கூடப் பையில் கட்டியிருந்தாள்.

ராவ் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். நாற்பதில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“ஆய்த்து பிடி,” என்றார். கன்னடத்தில் அவர் ‘சரி, விடுங்கள்’ என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். ஆல்பத்தை மூடிவிட்டார்.

போன சனிக்கிழமை விழா. கன்னியப்பன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மேடை ஏறினார். பதக்கத்தை வாங்கிக்கொண்டு கமிஷனர் பக்கம் திரும்பினார்.

“ஸ்டாண்ட எடுக்காதீங்க சார். வலி வர்றவங்களுக்கு அந்த எடம்தான் தெரியும்.”

அவ்வளவுதான் அவர் பேச்சு. கமிஷனர் எழுந்து, ஸ்டாண்ட் இருந்த இடத்திலேயே இருக்கும் என்றார். கைதட்டல் எங்கே கேட்டது? ஹால் முழுக்க மணிச் சத்தம். நானும் பேரனைத் தோளில் தூக்கி ஆட்டு ஆட்டு என்று ஆட்டினேன். ஜெயித்தது நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

முந்தாநாள் அல்சூர் பக்கம் போனேன். ஸ்டாண்டில் ராணி கொள்ளு தின்றுகொண்டிருந்தது. கழுத்தில், மணிகளுக்கு நடுவே, எங்கள் வெள்ளிப் பதக்கம்.

“என்னப்பா இது?”

“இழுத்தது அதுதானே சாமி,” என்றார் கன்னியப்பன்.

கிட்டே போய்ப் பார்த்தேன். வாரில் ஒரு மணி கழற்றின இடம் காலியாக இருந்தது. முனியம்மாவுக்குப் பேத்தி பிறந்தாயிற்று.

அத்தாட்சி — ஒரே பிரதி.