திருப்பி மாட்டிய போஸ்டர்

தாம்பரம் ரயில் நிலைய வாசலில் ஒருவர் பேப்பர் கடை வைத்திருந்தார். ஒல்லி உடம்பு, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. பத்திரிகைகளின் போஸ்டர்களைத் தினமும் கயிற்றில் தொங்கவிடுவார்; தற்கொலைச் செய்தி என்றால் மட்டும் எழுத்து தெரியாதபடி திருப்பி மாட்டுவார்.

ஒருநாள் திரும்பித் தொங்கியது, நான் வேலை பார்க்கும் பத்திரிகைக்கு நானே எழுதிய போஸ்டர்.

"ஏண்ணா திருப்பிட்டீங்க?" என்றேன்.

"எந்த எடம், எப்படின்னு கொட்டை எழுத்துல போட்டுக்கீறானுங்க சார். மனசு ஒடிஞ்சவன் பாத்தா இன்னா ஆவான்? எழுதுனவன் வூட்ல ஒருத்தர் செத்தா இப்படிப் போடுவானா?"

எழுதியவன் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் கேட்டதை அலுவலகத்தில் பத்திரிகை ஆசிரியரிடம் அப்படியே சொன்னேன்.

"அந்தக் கடைக்கு போஸ்டர் அனுப்பாதீங்க," என்றார் ஆசிரியர்.

நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. அடுத்த தற்கொலைச் செய்திக்கும் நடந்த இடத்தைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னார் ஆசிரியர். போட்டேன். அன்றிலிருந்து அந்த வாசல் வழியாக நான் போவதில்லை.