இரண்டு கடதாசியோடு கொழும்புக்கு

காலை ஐந்தேகால். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் மண்முனைத் துறையைக் கடந்தோம், நானும் மனைவி தங்கம்மாவும். அவவுக்கு ஒரு கண் முன்னரே போய்விட்டது. மற்றக் கண்ணுக்கு மறுநாள் எட்டு மணிக்குக் கொழும்பில் ஒப்பரேஷன். பதினொரு மாதம் காத்துக் கிடைத்த திகதி.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரையிலிருந்து போகிறவர்களுக்கு இரண்டு கடதாசி வேண்டும். வெளியேற, எங்கள் கரையை வைத்திருந்த இயக்கத்தின் பாஸ். மறுகரையில் ஆமிக்குக் காட்டக் கிராமசேவகரின் கடிதம். பாஸை ஆமி கண்டால் தொலைந்தோம். அதனால் நடுவாவியில் எல்லோரும் அதைக் கிழித்துத் தண்ணீரில் போடுவார்கள். திரும்பும்போது இயக்கத்தின் பதிவில் பெயர் இருக்கும் என்றார்கள். பதிவு தொலைந்திருந்தால் என்ன செய்வது? நான் பழைய பற்றுச்சீட்டொன்றைக் கிழித்துப் போட்டுவிட்டு, பாஸை அவவின் கிளினிக் கொப்பி உறைக்குள் செருகினேன். அவவுக்குச் சொல்லவில்லை.

மட்டக்களப்பில் ஆறே முக்காலுக்குக் கொழும்புப் பஸ். ஆளுக்கு நூற்றுப்பத்து ரூபா. ஓட்டமாவடி முப்பத்துமூன்று கிலோமீற்றர். இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. சாவடிக்குச் சாவடி, ஆமிச் சோதனைக்காக, மூட்டையோடு இறங்கி நடக்க வேண்டும்.

“நடக்கிறதுக்கும் டிக்கட் வெட்டுறது நாங்க மட்டுந்தான்,” என்றார் கொண்டக்டர்.

ஓட்டமாவடியில் ஏறிய புடைவை வியாபாரி, நாங்கள் காக்கா என்று அழைத்த முஸ்லிம் பெரியவர், என் பக்கத்தில் இருந்தார். “பயப்படாதீங்க தம்பி. பொலன்னறுவை தாண்டினா ரோட்டு கண்ணாடி மாதிரி. கொழும்பு அங்கேயே தொடங்கிரும்.”

பதினொரு மணிக்குப் புணாணைக் காட்டுவழிச் சாவடியில் சிப்பாய் கொப்பியை உதறினான். பாஸ் விழுந்தது.

“யாருடையது?” என்று தங்கம்மாவைக் கேட்டான்.

“என்னது விழுந்த?” என்றா அவ.

“என்னுடையது,” என்றேன்.

என்னை விசாரிக்கவென்று மறித்தார்கள். பஸ் அரை மணித்தியாலம் நின்றது. வியாபாரி அவவிடம், “நீங்க வாங்க தங்கச்சி, ஆஸ்பத்திரியில நான் சேர்க்கிறன்,” என்றார்.

“அவர இவங்களுக்கிட்ட விட்டுட்டு எப்படி வாற காக்கா?” என்று இறங்கிவிட்டா. பஸ் போய்விட்டது.

நாலு மணிக்கு என்னை விட்டார்கள். அதற்குப் பிறகு கொழும்புக்குப் பஸ் இல்லை; திகதி போயிற்று. அதுவரை அவ வெயிலில் மூட்டைமேல் இருந்திருக்கிறா. கொழும்பு முந்நூறு கிலோமீற்றர் என்று வரைபடம் பார்க்கிறவர்கள் சொல்வார்கள். எங்களுக்கு அது சந்திரனுக்குப் போகிற தூரம். அதில் ஒரு பங்கை நானே கூட்டினேன்.

“இனித் திகதி கிடைச்சா நீங்க வராதீங்க. நான் தனியப் போறன்.”

“கண் தெரியாம எப்படிப் போவாய் புள்ள?”

“கண் தெரிஞ்ச நீங்கதானே இண்டைக்குக் கூட்டிவந்த.”

மட்டக்களப்புக்குப் போகும் லொறியொன்று நின்றது. அவ கையைப் பிடித்து ஏற்றப் போனேன். கையைத் தரவில்லை, லொறியின் பின்தட்டைத் தடவித் தானே ஏறினா.