ஸ்டாண்டின் நான்கு டயர்கள்

காலை ஆறு ஐம்பது. காவாந்தண்டலத்தில் தன்ராஜ் வீட்டு வாசலில் முதலில் கண்ணில் பட்டவை நான்கு டயர்கள். கரேலென்று மின்னின. அவற்றுக்கு மேலேதான் கார் இருந்தது: பழைய அம்பாசிடர், வெள்ளை நிறம். ஒரு காலத்தில் டாக்ஸியாக ஓடி, பிறகு சொந்த உபயோகத்துக்கு மாறிய வண்டி.

வாங்க வந்தவர் என் தங்கை புருஷன் ஏழுமலை. பழைய காரில் பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலம் போவது இப்போது மறுபடி நாகரிகமாகிவிட்டது. அதை நம்பி, கையிலிருந்த ஆட்டோவை விற்றுவிட்டார். வாங்கும் கார் சரியில்லை என்றால் அவருக்கு வேறு தொழில் இல்லை. தாள்களைச் சரிபார்க்க என்னை அழைத்து வந்திருந்தார். பத்திரிகையில் இருந்தவனுக்குத் தாள் படிக்கத் தெரியும் என்பது எங்கள் வீட்டில் நிலைத்துவிட்ட நம்பிக்கை. கார் ஓட்டக்கூட எனக்குத் தெரியாது.

தன்ராஜ் ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். அத்தனையும் எஃப்.சி. தாள்கள். டாக்ஸி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று வருஷா வருஷம் சோதித்துக் கொடுப்பது. ஏழுமலை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"மச்சான், ஒரு வருசம் கூட விடாம பாஸ் ஆயிகீது. இன்னா சொல்ற?"

டயர்களில் அடித்திருந்த கறுப்பு பெயிண்டின் வாசனை மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. கூடவே மண்ணெண்ணெய். அந்த இரண்டும் சேர்ந்தால் எனக்கு உத்திரமேரூர் டாக்ஸி ஸ்டாண்டுதான்.

பத்திரிகை வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாதி நாள் அங்கேதான் கிடப்பேன். யார் வீட்டில் சாவு, யார் யாரோடு ஓடிப்போனார்கள் என்பதெல்லாம் போலீஸ் ஸ்டேஷனுக்கு முன்னால் ஸ்டாண்டுக்கு வந்துவிடும். (இரண்டாவது வகைச் செய்தியை ஆசிரியர் ஒருபோதும் போட்டதில்லை.) அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எந்த வண்டி எஃப்.சி.க்குப் போனாலும் ஸ்டாண்டிலேயே நல்ல டயர்கள் நான்கும் அதற்கு மாறும். அது பாஸாகி வந்ததும் டயர்கள் சொந்தக்காரரிடம் திரும்பும். அந்த நான்கும் பெரும்பாலும் கோதண்டத்தின் வண்டியுடையவை. கோயில் தேரைப் போல அவர் தன் காரை வைத்திருந்தார்.

ஒரு முறை கோதண்டத்துக்கும் இன்னொரு டிரைவர் முனுசாமிக்கும் ஒரே நாளில் எஃப்.சி. வந்துவிட்டது. முனுசாமி வண்டி முதலில் போவது, பாஸானதும் எஃப்.சி. முகாம் நடக்கும் மைதானத்தின் புளியமரங்களுக்குப் பின்னால் டயர்களை மாற்றிக்கொண்டு கோதண்டம் கடைசியில் வருவது என்று ஏற்பாடு. விடிவதற்குள் இரண்டு கார்களும் டயர்களை மாற்றிக்கொண்டன. முனுசாமியின் வழுக்கை டயர்களோடு கோதண்டத்தின் கார் மரத்தடியில் மறைந்து நின்றது.

பிரேக் இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கியதும் சொன்னார்: "எல்லா வண்டியும் வரிசையா நிக்கட்டும். ஒரே மூச்சுல பாத்துட்டுப் போறேன்."

முனுசாமி முகம் செத்துவிட்டது. அவருடைய பழைய எஃப்.சி. அன்றோடு முடிகிறது. மறுநாள் முகூர்த்தம், மூன்று வீட்டுக்கு ஒத்துக்கொண்டிருந்தார். கோதண்டம் தன் டயர்களைக் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். மரத்தடிக்கு ஓடி வந்து நின்றார்.

"இன்னாத்துக்கு இங்க வந்து முயிச்சிகினு கீற? போய் வண்டிகிட்ட நில்லுடா" என்றார் கோதண்டம்.

இன்ஸ்பெக்டர் கோதண்டத்தின் வண்டி எண்ணைக் கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டார். டிரைவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மரத்தடியில் கோதண்டம் வெற்றிலையைக்கூட மெல்லாமல் வாயில் அடக்கியிருந்தார். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்தார். முனுசாமியின் காரை அடைந்ததும் டயரை ஷூவால் தட்டினார்.

"புதுசா?"

"ஆமா சார்."

"எப்ப போட்ட?"

"காலையிலதான் சார்."

இதைவிட உண்மையான பதிலை நான் எந்த அதிகாரிக்கும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வண்டி பாஸ்.

அடுத்த முகாம்வரை கோதண்டம் காரை ரோட்டில் எடுக்க முடியவில்லை. பிற்பாடு அதை விற்க முயன்றபோது, வந்தவர்கள் எல்லோரும் எஃப்.சி. தாள்களில் நடுவில் விட்டுப்போன அந்த இடைவெளியில் விரலை வைத்து, வண்டி எங்கோ அடிபட்டிருக்கிறது என்றார்கள். கடைசியில் காயலான் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டார்.

"மச்சான், தூங்கிட்டியா?" என்றார் ஏழுமலை.

"இது எந்த ஸ்டாண்டுல ஓடுச்சு?" என்று தன்ராஜிடம் கேட்டேன்.

"சாலவாக்கம். ஏன்?"

"எஃப்.சி. அன்னிக்கு டயர் யாரோடது?"

அவர் முகம் மாறிவிட்டது. "இன்னா சார், நக்கலா? கவர்மெண்டு சீல் கீது, அத்தயே நம்பமாட்டியா? மதியம் மெட்ராஸ்லேர்ந்து ஆளு வராங்க. வேணும்னா எடு, இல்லாங்காட்டி வுடு. காலங்காத்தால பேஜார் பண்ணாத."

ஏழுமலை என்னை முறைத்தார். முடியவிருந்த காரியத்தைக் கெடுக்கிறேன் என்று அதற்கு அர்த்தம்.

"ஒரு தடவை ஓட்டிப் பாத்துடு மாப்ள" என்றேன்.

ஏரிக்கரை ரோட்டில் போனோம். இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கம் வயல். நான் முன்னால், தன்ராஜ் பின்னால். கரை நேராக நீண்டதும் ஏழுமலை வேகம் பிடித்தார். எதிரே ஆள் இல்லை. "பிரேக்க அடி" என்றேன்.

கார் நின்றது. ஆனால் மூக்கை இடதுபக்கம் திருப்பிக்கொண்டு நின்றது. என் ஜன்னலுக்கு வெளியே ரோடு இல்லை. தண்ணீர் மட்டும் தெரிந்தது. பின்னாலிருந்து தன்ராஜின் கை என் தோளைப் பிடித்திருந்தது.

"கரை சாய்வா கீது சார். அதான் இஸ்துக்கினு போச்சு" என்றார், கையை எடுக்காமல்.

ஏழுமலை அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்து, மதகுக்குப் பக்கத்தில் திருப்பினார். இப்போது தண்ணீர் வலப்பக்கம். மறுபடி அதே வேகம். யாரும் சொல்லாமல் அவரே பிரேக்கை மிதித்தார். கார் மறுபடி இடது பக்கமே இழுத்து, வயலைப் பார்த்து நின்றது.

"இப்ப கரை எந்தப் பக்கம்ணா சாயுது?" என்று கேட்டார் ஏழுமலை.

தன்ராஜ் என் தோளிலிருந்து கையை எடுத்தார்.

தன்ராஜ் வீட்டு வாசலில் ஏழுமலை காரை நிறுத்தி, சாவியை அதிலேயே விட்டுவிட்டு, பிளாஸ்டிக் கவரைத் திருப்பிக் கொடுத்தார். பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். அங்கே வந்ததும், "ஆட்டோவ வித்துருக்கக் கூடாது மச்சான்" என்றார். அவ்வளவுதான்.

அன்று மதியம் சென்னைக்காரர்கள் வந்து தாள்களைப் பார்த்துவிட்டு, காரை ஓட்டிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன்.

உத்திரமேரூர் ஸ்டாண்டில் இப்போது ஒரு அம்பாசிடரும் இல்லை. ஷேர் ஆட்டோக்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றை ஏழுமலை வாடகைக்கு ஓட்டுகிறார்.