மாதம்மாள் திருப்பிக் கொடுத்த பாலிசி

மாதம்மாள் கொல்லிமலையில் முப்பத்திரண்டு வருஷம் கிராம செவிலியராக இருந்தவர். அரியூர் நாடு என்கிற அந்த மலைப்பகுதியில் பாதிப் பேருக்கு முதல் தடுப்பூசி போட்டவர் அவர்தான். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. ஒரே மகள் பூங்குழலியைப் பேளுக்குறிச்சியில் கட்டிக்கொடுத்திருந்தார். மருமகன் சசிதரன் தனியார் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றின் ஏஜென்ட். அவனை அவருக்கு முதலிலிருந்தே பிடிக்காது. அதை அவர் மறைத்ததும் இல்லை.

தன் கம்பெனியில் ஒரு மருத்துவ பாலிசி எடுக்கச் சொல்லி நச்சரித்தான். பென்ஷனில் மாதாமாதம் பிடிக்கும் அரசு மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று எத்தனை முறை சொன்னாலும் அவன் விடவில்லை. "அவசரத்துக்கு அதை நம்பாதீங்க அத்தை. அனுமதி வர்றதுக்குள்ள உசுரு போயிரும்." கடைசியில் மகள் அழுததால்தான், அவன் நீட்டிய நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போட்டு, செக்கும் கொடுத்தார்.

தபாலில் பாலிசி வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு பக்கம் விடாமல் படித்தார். சர்க்கரை நோய்: இல்லை. ரத்த அழுத்தம்: இல்லை. அவர் ஒன்பது வருஷமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார். மாதாமாதம் அதை வாங்கி வந்து கொடுப்பவனே சசிதரன்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவனிடம் கேட்டார். "ஏனுங்க மாப்பிள்ளை, எனக்குச் சர்க்கரை எப்பங்க நின்னுது?"

அவன் சிரித்தான். "உள்ளதை எழுதினா மூணு வருஷம் அதுக்குக் காசு வராதுங்க அத்தை. எல்லாரும் இப்படித்தான் எழுதறாங்க."

"நாளைக்கு நான் படுத்துக்கிட்டா, என்ற பழைய மருந்துச் சீட்டைப் பார்த்துட்டுப் பொய் சொன்னீங்கன்னு கம்பெனிக்காரன் கைவிரிப்பான். அப்ப நீ வந்து கட்டுவியா?"

கல்யாணமான நாளிலிருந்து மருமகனிடம் அவர் 'ங்க' இல்லாமல் பேசியது அன்றுதான். அவன் எழுந்துவிட்டான். "மரியாதையாப் பேசுங்க."

"என்ற கையெழுத்துக்கு மேல பொய் எழுதினவனுக்கு என்னடா மரியாதை?"

டீயைத் தொடாமலே போய்விட்டான்.

பாலிசி கைக்கு வந்து முப்பது நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று அதிலேயே போட்டிருந்தது. இருபத்திரண்டாம் நாள் முதல் பஸ்ஸில் மலையிறங்கி, நாமக்கல்லில் இருந்த கம்பெனி ஆபீசுக்குப் போனார். ஏஜென்டின் கையெழுத்து வேண்டும் என்றார்கள்.

"என்ற பேர்லதானுங்க பாலிசி இருக்குது? அவன் கையெழுத்து எதுக்குங்க?"

அங்கேயே கடிதம் எழுதிக் கொடுத்து, முத்திரை குத்திய நகல் கைக்கு வரும்வரை நாற்காலியை விட்டு அசையவில்லை. கட்டிய பணம், கொஞ்சம் பிடித்தம் போக, திரும்பி வந்தது.

ஒரு பாலிசி குறைந்ததில் சசிதரனுக்கு அந்த வருஷ ஊக்கத்தொகை போயிற்று. "எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேம்மா" என்று மகள் போனில் கத்தினாள். அதன்பின் பேச்சில்லை.

நான்கு மாதம் கழித்து மாதம்மாளுக்குப் பித்தப்பையில் கல். அரசுக் காப்பீட்டில் சேர்ந்த சேலம் ஆஸ்பத்திரி ஒன்றில் படுத்தார். அனுமதி வர இரண்டு நாள் ஆயிற்று. வலியில் சுருண்டு கிடந்தபோது, அவன் சொன்னது சரிதானோ என்று ஒரு கணம் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. விஷயம் தெரிந்து வந்த பூங்குழலி ஐந்து நாள் கூடவே இருந்தாள்.

கிளம்பும் நாளில் சசிதரன் காரோடு வாசலில் நின்றான். "ஏறுங்க அத்தை, ஊட்ல விட்டுட்டு வாரேன்."

"பஸ் இருக்குது" என்றார் மாதம்மாள்.

பூங்குழலி இருவரையும் பார்த்தாள். பிறகு அம்மாவின் பையை அம்மா கையிலேயே கொடுத்துவிட்டு, காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.